காற்றுப் பிடித்த மோட்டார்

பல் டாக்டரின் மனைவி இறந்த மறுநாளும் அவர்கள் வீட்டு நீச்சல் குளத்தில் வழக்கமான நேரத்துக்கு நீச்சல் நடந்தது. ஆள் யாருமில்லை. தண்ணீரில் ஒரு கோடு கிளம்பி, எதிர்ச்சுவரைத் தொட்டு, சளப்பென்று திரும்பி வந்தது. படிக்கட்டு வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுங்கிப் போனது. அந்த அம்மாளும் அங்கே ஒதுங்கித்தான் நீந்துவார் என்பதால், அது மனைவிதான் என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே வரவில்லை. தினமும் காப்பிக் கோப்பையோடு எட்ட நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்த மனுஷனுக்குத் தண்ணீர் என்றால் உதறல். குளம் கட்டிய நாளிலிருந்து கட்டைவிரலைக்கூட நனைத்ததில்லை. அக்கம்பக்கத்தார் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு குளத்துத் தண்ணீரை இழுத்துச் சுத்தம் செய்து விடும் மோட்டார் காற்றுப் பிடித்துக்கொண்டது. மோட்டார் வாயில் இலை சேரும் கூடையைச் சுத்தம் செய்யப்போன டாக்டர், மூடியின் ரப்பர் வளையம் இறுகிக் கிடந்ததைப் பார்த்து, மனைவியின் மேஜையில் மிச்சமிருந்த கைக்குப் பூசும் கிரீமை அதற்குத் தடவியிருந்தார். வளையம் ஊறிப் பெருத்து, இடுக்கு வழியாகக் காற்று புகுந்தது. மோட்டார் வெறுமனே இரைந்தது. ஓடாத தண்ணீரில் பாசி படர்ந்தது. பச்சை ஏற ஏறக் கோடும் தளர்ந்தது; ஒருநாள் பாதிக் குளத்திலேயே நின்று, மூச்சு வாங்குவதுபோல் அசைந்து, திரும்பிவிட்டது. இவளை இரண்டாம் தடவையும் பறிகொடுக்க டாக்டருக்குத் தெம்பில்லை.

மகள் போனில், மண்ணைக் கொட்டி மூடிவிட்டுச் செடி வைக்கலாமே என்றாள். அவர் பேச்சை மாற்றிவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் வளையத்தை முகர்ந்து பார்த்து, ரோஜா வாசனை அடிக்கிற மோட்டாரை இன்றுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். புது வளையம் போட்டு, அதற்கென்றே உள்ள கிரீஸைத் தடவினார். வால்வை அடைத்து, கூடை இருக்கும் பாத்திரம் நிரம்பக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, வால்வைத் திறந்து ஓட்டினார். மோட்டார் ஊற்றியதைத் துப்பிவிட்டு மறுபடி காற்றை இழுத்தது. எத்தனை தடவை செய்தாலும் அதே கதை. மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"அம்மா எந்தத் தண்ணிய ஊத்துவாங்க சார்?"

குளத்துத் தண்ணீரைத்தான். மனைவி படியிறங்கி நின்று வாளியில் மொண்டு, வந்து வாங்கிக்கோங்க என்று கையை நீட்டுவார். கரையிலேயே வைத்துவிடு, எடுத்துக்கொள்கிறேன் என்பார் இவர்.

மெக்கானிக் வாளியோடு இறங்கப்போனார். டாக்டர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"குடுப்பா. நான் இறங்குறேன்."

பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு முதல் படியில் கால் வைத்ததுமே கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் படியில் நின்றபோது, வேளை கெட்ட வேளையில் மறுகோடியிலிருந்து கோடு கிளம்பியது. பாசியை விலக்கிக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்து அவர் முழங்காலில் முட்டி நின்றது. அங்கே மட்டும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மெக்கானிக் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் டாக்டர் அழுதார்.

"வந்துட்டேன்மா," என்றார். பிறகு வாளியில் மொண்டார்.

அந்த ஒரு வாளிக்கே மோட்டார் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. தினமும் சில மணி நேரமாவது ஓடவிடச் சொல்லி, கிரீஸ் டப்பாவைக் கொடுத்துவிட்டு மெக்கானிக் கிளம்பிப் போனார்.

இப்போது குளம் தெளிந்துவிட்டது. கோடு பழையபடி போய் வருகிறது. காலையில் டாக்டரும் இறங்கி, படிக்கட்டு ஓரமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிப் பழகுகிறார். கோடு என்றைக்கும் ஒதுங்கிப் போகிற இடம் அதுதான் என்பதால் இருவருக்கும் இடைஞ்சல் இல்லை.