டீசல் தின்கிற மண்மேடு

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகையில் தொடங்கியது. இலங்கையில், தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கறுப்புப் பொலித்தீன் தாள் போர்த்திய மண்மேட்டின் பக்கத்தில் அதைப் பார்த்தேன். "வேலை நடக்கிறது." சுற்றிலும் ஒருவரும் இல்லை. யார் வேலை செய்கிறார்கள் என்று, தண்ணீர் வாளியோடு வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"பூச்சிங்க," என்றார்.

அவருக்குப் பிலோமினம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். நான் எழுதிய முதல் வாக்கியம்: "மண்ணுக்கும் மனிதருக்கும் இடையிலான ஆதி உறவு என்பது..." (அடித்துவிட்டேன். விஷயம் தெரியாதபோது எனக்கு இப்படித்தான் வரும்.)

2

விஷயம் இதுதான். தொழிற்சாலை ஜெனரேட்டரின் டீசல் தாங்கி மாதக்கணக்கில் கசிந்து, கீழே லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களின் காய்கறிப் பாத்திகளில் இறங்கிவிட்டது. பிலோமினம்மாவின் பாத்தியும் அதில் ஒன்று. மூன்று மாதத்தில் மண் சுத்தமானால் பாத்திகளைத் திருப்பித் தருவதாக நிர்வாகம் சொன்னது. இல்லையென்றால் கொங்கிரீட் போட்டு லொறி நிறுத்துவார்கள்.

மண் ஆய்வுகூடத்திலிருந்து யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் வந்தார். அவரை முதலில் இராசநாயகம் என்ற வயதானவராக எழுதினேன். இரண்டு பக்கம் விரிவுரை செய்தார். நீக்கிவிட்டேன். பதிலுக்குத் தக்‌ஷிகா வந்தார், கையில் ஒரு கேனோடு.

"இந்தத் தண்ணிக்குள்ள பக்டீரியா இருக்கு அம்மா. உங்கட மண்ணில இருந்துதான் எடுத்தனாங்கள். பெருக்கிக் கொண்டு வந்திருக்கிறம். டீசலைத் தின்னும்."

"தின்னுட்டு என்னாத்தைங்க மிஸ் வெளிய விடும்?"

"கொஞ்சம் காத்தும் தண்ணியும்தான்."

"எங்க மெல்வினுக்கு இதுங்க தேவலாம்ங்க."

மெல்வின் அவருடைய தம்பி மகன். தொழிற்சாலையில் சுப்பவைசர்.

மண்ணைத் தோண்டிக் குவித்து, வைக்கோலும் சாணியும் கலந்து, கேன் தண்ணீரை ஊற்றினார்கள். ஈரம் காயக்கூடாது. வாரத்துக்கு இருமுறை புரட்டிக் காற்றுக் கொடுக்க வேண்டும். அந்த வேலை பிலோமினம்மாவுக்கு.

(பக்கக் குறிப்பு: தோட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாள் வேலையைப் பதிவதை 'பேர் போடுவது' என்பார்கள். ராப்பகலாக உழைக்கும் பூச்சிகளுக்கு யார் பேர் போடுவது என்று பிலோமினம்மா கேட்டார்.)

3

இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவை என்று நினைத்தேன். முறுக்கு மீசை மனேஜர் ஒருவரை எழுதிப் பார்த்தேன்; ஒட்டவில்லை. உண்மையில் கெடுதல் நல்ல மனத்தோடுதான் வந்தது.

ஒன்பதாம் வாரம், கொழும்பிலிருந்து கம்பெனித் துரை தோட்டம் பார்க்க வருவதாகச் செய்தி. அப்படியொரு செய்தி வந்தால் தோட்டத்தில் அசையாத எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு விழும்: வடிகான் ஓரம், கல், மரத்தடி, கக்கூஸ். மெல்வின் மண்மேட்டையும் விடவில்லை. தாளை விலக்கி, இரண்டு மூட்டைச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கல்யாணக் கேக் மாதிரி ஆக்கியிருந்தான்.

"எப்புடி அத்தை? ஒரு கிருமி மிஞ்சாது!"

"அடப்பாவி, கிருமி மிஞ்சணும்னுதானேடா ஒம்போது வாரமாப் பொரட்டுறேன்!"

தக்‌ஷிகாவுக்குத் தொலைபேசி போனது.

"சுண்ணாம்போ? எவ்வளவு போட்டவர்?"

"ரெண்டு மூட்டைங்க மிஸ்."

"ஐயோ. மழை பெய்து உள்ளுக்க இறங்க முதல் வழிச்செடுங்கோ. இறங்கினா எல்லாம் செத்துப்போகும்."

மேற்கே மலை கறுத்திருந்தது. [இங்கே வானத்தைப் பற்றி ஏழு வரி இருந்தது. மழை வருகிறது, அவ்வளவுதான்.]

4

"வெள்ளைய எடுத்தா என்னையத்தான் கேப்பாங்க அத்தை. துரை நாளைக்கு வந்துட்டுப் போகட்டுமே."

"துரை வந்துட்டுப் போயிருவாரு. கொங்கிரீட்டு போகுமா? மம்முட்டியக் குடு."

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வழிக்கத் தொடங்கினார். மெல்வின் சற்று நேரம் வானத்தையும் அத்தையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு சிங்களத்தில் "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று முனகியபடி மறுபக்கத்திலிருந்து வழித்தான். முதல் துளி விழுந்தபோது, தலையெல்லாம் நரைத்துப்போன இருவர் தாளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் துரை வந்தார். வெளுத்த தோட்டத்தில் கறுப்பாக இருந்தது அந்த மேடு ஒன்றுதான். அவர் நின்று கேட்டதும் அதைப் பற்றித்தான். மெல்வின் சிங்களத்தில் கால் மணி நேரம் விளக்கினான். ஒன்பது வாரமாகப் புரியாதது அவனுக்கு ஒரு மழையில் எப்படிப் புரிந்தது என்று எழுத எனக்குத் திறமை போதவில்லை.

5

பன்னிரண்டாம் வாரம் தக்‌ஷிகா மண் மாதிரி எடுத்துப் போனார். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் மண் சுத்தம், எல்லோரும் கைதட்டுகிறார்கள். நன்கொடை நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம் போல இருந்தது. கிழித்தேன்.

இரண்டாவதில் சுண்ணாம்பு ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டிருந்தது. கொங்கிரீட் லொறி வளைவில் திரும்புகிறது, மெல்வின் அத்தையின் முகத்தைப் பார்க்காமல்... (முடிக்கக் கை வரவில்லை.)

மூன்றாவதில் தொலைபேசி அடிக்கிறது.

"ஸ்பீக்கர்ல போடுடா," என்கிறார் பிலோமினம்மா.

"அம்மா, ரிப்போர்ட் வந்திட்டுது."

"சொல்லுங்க மிஸ்."

தக்‌ஷிகா சொன்னதை நான் எழுதப்போவதில்லை. மேட்டு மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடை அடிக்கவில்லை. ஆனால் எனக்கு அன்று தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தது, என் மூக்கை நம்ப வேண்டாம். அடுத்த வரி உங்களுடையது. ஆற அமர யோசிக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்: பிலோமினம்மா பாத்தியில் ஊன்றுவதற்கு நேற்றே போஞ்சி விதையை ஊறப்போட்டுவிட்டார்.