மீதிப் பக்கங்கள்

எங்கள் சபை மூப்பருக்கு ‘ஆஃப் ஐயா’ என்று நான் விளையாட்டாக வைத்த பெயர் சபை முழுக்க ஒட்டிக்கொண்டது. டி.வி.யில் கண்றாவியாக ஒரு காட்சி வரட்டும், யார் வீடு என்றெல்லாம் பார்க்கமாட்டார், எழுந்து போய் அணைத்துவிடுவார். ஆராதனையில் டிரம்ஸ் வைக்கலாமா என்று இளைஞர்கள் கேட்டபோது, “கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேக்குது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். புத்தகத்துக்கும் அதே சட்டம். எந்தப் பக்கத்தில் பாவம் நுழைகிறதோ, அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவார்.

என் தங்கை எழுதிய நாவலையும் அப்படித்தான் மூடினார். அதில் கதாநாயகி புருஷனை விட்டு இன்னொருவனோடு போய்விடுகிறாள். தங்கையோ சண்டே ஸ்கூல் டீச்சர். அந்தப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். இப்படி எழுதுகிறவளிடம் பிள்ளைகளை விடலாமா என்று சபையில் பேச்சு கிளம்பியது.

வேறு இடமாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் பேசியே ஆளைக் கழற்றிவிட்டிருப்பார்கள். எங்கள் சபையில் ஒருவர்மேல் குற்றம் இருந்தால், இரண்டு சாட்சிகளோடு வீட்டுக்கே வந்து முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். எனக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலிலும் அந்த வழக்கத்தின்மேல் மரியாதைதான்.

சனிக்கிழமை மதியம் வந்தார்கள். சாட்சிகள் பொருளாளரும் பாடகர் குழுத் தலைவரும். இருவரும் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. ஜெபம் முடிந்ததும் ஐயா தொண்டையைச் செருமினார்.

“இனிமே நீ சண்டே ஸ்கூல் எடுக்க வேண்டாம்னு தோணுதும்மா.”

தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் குரல் நடுங்கவில்லை. “முழுசா வாசிச்சீங்களா ஐயா?”

“அவ வீட்டை விட்டுப் போற இடத்துல மூடிட்டேன்.”

“என்னைப் பாதிப் பேச்சுல நிறுத்திட்டுத் தீர்ப்பு சொல்லுவீங்களா?”

“அதெப்படி? அது அநியாயம்.”

“மீதிப் பக்கத்துலயும் நான்தான்யா பேசுறேன்.”

நான் மனதுக்குள் கைதட்டினேன். ஐயா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்புறம், “புத்தகத்தைக் கொடும்மா” என்றார்.

எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று பார்த்தால், அங்கேயே சோபாவில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வந்த காரியத்தை முடிக்காமல் போகக்கூடாதாம். பொருளாளர் கொட்டாவியாக விட்டுத் தள்ளினார். பாடகர் குழுத் தலைவர் ஒத்திகைக்கு நேரமாகிறது என்று முனகிப் பார்த்தார். “சாட்சின்னா இருக்கணும்” என்றார் ஐயா, தலையைத் தூக்காமலே. எனக்கு டீ போட்டு மாளவில்லை. தங்கை கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்கும்போது கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். அதில் அந்தப் பெண் எல்லாவற்றையும் இழந்து, கைக்குழந்தையோடு ஒரு ஞாயிறு காலை ஆலயத்துக்குத் திரும்பி வருகிறாள். உள்ளே நல்ல கூட்டம். பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நிற்கிறாள். கதை அவ்வளவுதான்.

“எனக்கு இது பிடிக்கல” என்றார் ஐயா. “அவ ஓடிப்போறதை அவ்வளவு விலாவாரியா எழுதியிருக்க வேண்டாம். சின்னப் பிள்ளைங்க கையில இது படக்கூடாது.”

“சரிங்கய்யா.”

“கடைசியில அவ எங்க உட்கார்ந்தான்னு எழுதலையே?”

“யாரும் நகர்ந்து இடம் விடலய்யா. எப்படி எழுதுறது?”

“நான் நகர்ந்திருப்பேன்” என்றார் வெடுக்கென்று. சொன்னவர் கடைசிப் பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு சாட்சிகள் பக்கம் திரும்பி, “நகர்ந்திருப்பேனா?” என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பொருளாளர் தரையைப் பார்த்தார். பாடகர் குழுத் தலைவர், பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். “இல்லைங்கய்யா” என்றார். “நானும் நகர்ந்திருக்க மாட்டேன்.”

தாராள மனசுக்காரர்கள் என்று பேரெடுத்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். தனக்கு எதிராகத் தானே சாட்சி கேட்கிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நாளைக்கு வகுப்பை நீயே எடும்மா” என்றபடி ஐயா எழுந்தார். “பெரியவங்களுக்கு இந்தக் கடைசிப் பக்கத்தை நான் வாசிச்சுக் காட்டுறேன்.”

பொருளாளர் பதறிப்போனார். “பிரசங்க மேடையில நின்னா? நாவலையா?”

“மேடையில இல்ல” என்றார் ஐயா. “அவ நின்ன இடத்துல.”