கோர்ட் கலையும் வரை

தீர்ப்பைப் படித்து முடிக்க நீதிபதிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாலும், இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லாததாலும், அபராதம். அதோடு கோர்ட் கலையும் வரை சிறை. சொல்லிவிட்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்.

கடைசி வரிசையில் இருந்த அக்காவின் காதில் 'சிறை' மட்டும்தான் விழுந்தது. பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தம்பியின் கையை அழுத்தினாள்.

"கேட்டியாடா? உள்ள போறான்."

சோபாக்காரர் எங்கேயும் போகவில்லை. கூண்டிலிருந்து இறங்கி, சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கடைத்தெருவில் இருப்பதிலேயே பெரிய சோபாக் கடை அவருடையது. ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் பேருக்கு வந்து நின்றார். அவ்வளவுதான்.

அக்கா எழுந்து போய் அரசு வக்கீலம்மாவிடம் குனிந்தாள்.

"மேடம், எப்ப கூட்டிட்டுப் போவாங்க?"

"எங்க?"

"ஜெயிலுக்கு."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "அதாம்மா இது. கோர்ட் எந்திரிக்கிற வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காந்திருக்கணும். ஐயா எந்திரிச்சுப் போனா இவரும் போயிடலாம்."

"இதுவா ஜெயிலு?"

"சட்டத்துக்கு இதுவும் ஜெயில்தான். வண்டியை விட்டு ஒருத்தரை முடமாக்கினா இத்தனை வருஷத்துக்கு மேல போடக் கூடாதுன்னு மேல ஒரு அளவு வச்சிருக்காங்க. கீழ அளவே வைக்கல. மூடி போட்ட தொட்டி மாதிரி, அடி மட்டும் கிடையாது. ஒரு நாளும் ஜெயில்தான், அரை நாளும் ஜெயில்தான்."

"லைசென்ஸு?"

"நிறுத்தி வைக்கலாம்னு இருக்கு. வச்சே ஆகணும்னு இல்ல."

அக்கா திரும்பி அந்த பெஞ்சைப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவள் அவள். எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்பதை வாரம் முழுக்கப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவள். அவளுக்கே இது அருவருத்தது.

தம்பி பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன், சைக்கிளில். அதாவது, போட்டுக்கொண்டிருந்தவன். முச்சந்தியில் திரும்பும்போது சோபாக்காரரின் கண் போனில் இருந்தது. கார் சைக்கிளையும் அவனையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போய் நடைபாதையில் முட்டி நின்றது. இடது முழங்காலில் கம்பியும் திருகாணியும் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மூட்டு இறுகிவிட்டது. சைக்கிள் மிதிப்பது லேசான வேலை என்று நாம் நினைக்கிறோம். பெடல் மேலே வரும்போது முழங்கால் நன்றாக மடங்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தச் சுற்று முடியவே முடியாது. தம்பியின் கால், துருப்பிடித்த கீல் போட்ட கதவு மாதிரி பாதியில் நின்றுவிடும். இப்போது பேக்கரிக்குள்ளேயே நின்றுகொண்டு ரொட்டிக்கு உறை போடுகிறான்.

"வாக்கா, போலாம். முடிஞ்சுபோச்சு."

"இன்னும் முடியலையாம். கோர்ட் எந்திரிச்சாத்தான் முடியுமாம். அவன் ஜெயிலைப் பாத்துட்டுத்தான் வருவேன். விட்டா இதுலகூடப் பாதியில எந்திரிச்சுப் போயிடுவான்."

சோபாக்காரர் சிறையை அனுபவிக்கத் தொடங்கினார். முதலில் செருப்பைக் கழற்றினார். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தார். கையாள் ஒருவன் ஓடிப்போய்க் காரிலிருந்து ஒரு குஷன் கொண்டு வந்தான், ஓரத்தில் குஞ்சம் வைத்தது. அதை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு போலீஸ்காரரிடம், "இந்த பெஞ்சைச் செஞ்சவனைப் புடிச்சு உள்ள போடணும் சார்" என்றார். போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஃபிளாஸ்கில் டீ வந்தது. போலீஸ்காரருக்கும் ஒரு கப்.

அக்கா கண்ணை எடுக்கவில்லை. அசிங்கத்தை மிதித்தவன் திரும்பத் திரும்பச் செருப்படியைப் பார்ப்பானே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிய இடைவேளையில் அவரை வெளியே விட்டார்கள். அவர் தன் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதே கார்தான். நசுங்கினதைத் தட்டி நிமிர்த்தி, புது வண்ணம் அடித்திருந்தார்கள். ஆனாலும் தம்பியை இடித்த பக்கத்து ஹெட்லைட் மட்டும் புதிதாக, பளிங்காக இருந்தது. இன்னொன்று வெயில் தின்று மஞ்சளாகியிருந்தது. தம்பியும் அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பன்னைச் சாப்பிடாமல் மடித்து வைத்தான்.

மறுபடி கோர்ட் கூடியபோது கட்டுகள் மளமளவென்று குறைந்தன. பேர் கூப்பிடுகிற டவாலி வாசலில் நின்று உரக்கக் கொட்டாவி விட்டார்.

"என்னண்ணே, இன்னும் எத்தனை கேஸு இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"ரெண்டே வாய்தாம்மா. ஐயாவுக்குத் தலைவலி வேற. இன்னைக்குச் சீக்கிரம் எந்திரிச்சுடுவாரு."

பெஞ்சிலிருந்து சோபாக்காரரின் குரல் கேட்டது, போனில்: "ஆமாமா, நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன். நீங்க ஹோட்டல்ல டேபிளை மட்டும் சொல்லி வைங்க."

அக்கா நேராக வக்கீலம்மாவிடம் போனாள்.

"மேடம், வேலை இருந்தா ஐயா உக்காருவாரா?"

"இருந்தா உக்காந்துதானே ஆகணும்."

"அப்ப வேலை குடுப்போம். அந்த சைக்கிளைத் திருப்பிக் கேட்டு மனுக் குடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே."

வக்கீலம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். விபத்தில் சிக்கின சைக்கிள் சாட்சிப் பொருள். வழக்கு நடக்கும்வரை கோர்ட்டின் பொருள் அறையில் கிடக்கும். வழக்கு முடிந்தால் சொந்தக்காரர் மனுக் கொடுத்து, நீதிபதி முன்னால் அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்த இழவு எங்களுக்கு எதற்கு என்று இத்தனை நாளும் அக்காதான் சொல்லிவந்தாள்.

"நாளைக்குக்கூடக் குடுக்கலாமே" என்றார் வக்கீலம்மா. அதற்குள் அவருடைய பார்வை பெஞ்சின் பக்கம் போய், குஷனில் நின்று, திரும்பி வந்தது. "சரி. ஒரு வெள்ளைத்தாள் எடும்மா."

தம்பியிடம் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"எனக்கு எதுக்குக்கா அது? ஏறவா போறேன்?"

"எனக்கு வேணும். போடுடா."

மனு மேலே போனது. நீதிபதி நெற்றியைத் தேய்த்தார். "இன்னைக்கேவா?"

"பொருள் இங்கயேதான் இருக்குங்க ஐயா. மனுதாரரும் இருக்காரு. அவரால அடிக்கடி நடந்து வர முடியாது" என்றார் வக்கீலம்மா. அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

"எடுத்துட்டு வாங்க."

சொல்வது சுலபம். பொருள் அறைச் சாவி குமாஸ்தாவிடம், குமாஸ்தா டீக்கடையில். அறையைத் திறந்தால் முன்னால் நிற்பது யாருடையதோ திருட்டு பீரோ, அதன்மேல் அறுத்த கம்பிச்சுருள், அதற்கும் பின்னால்தான் சைக்கிள். ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும், ஒவ்வொன்றின் அட்டையையும் பார்க்க வேண்டும். நீதிபதி மேசையில் கைகோத்துக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். சோபாக்காரர் எழுந்தார், போலீஸ்காரர் தயங்கி, "உக்காருங்க சார், கோர்ட் இன்னும் நடக்குதுல்ல" என்றார். அன்றைக்கு அந்தப் போலீஸ்காரர் போலீஸ்காரராக நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்சக்கரம் அப்பளமாக வளைந்து ஃபோர்க்கில் சிக்கியிருந்தது. பின்னால் ரொட்டிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் மிச்சம்.

"எப்படி உங்களுதுன்னு சொல்றீங்க?"

தம்பி காலை விசிறி விசிறி முன்னால் போனான். ஹேண்டில்பாரைத் தொட்டான். "இந்தப் புடி கிழிஞ்சு போச்சுங்க. எங்க அக்காதான் ஆஸ்பத்திரித் துணியைச் சுத்தி, மாவு பூசி விட்டுச்சு. கையில ஒட்டுது, ரொட்டிக்கு ஆகாதுன்னு சண்டை போட்டேன்." அழுக்கேறிப்போன அந்த மாவுக்கட்டை நீதிபதி எட்டிப் பார்த்தார். வளையாமல் கிடந்தது அது ஒன்றுதான்.

"எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் உண்டா?"

சோபாக்காரர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. சைக்கிளை அவர் அப்போதுதான் முதல்முறை சரியாகப் பார்த்தார்.

"இதுக்காங்கையா இவ்ளோ நேரம்? சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புதுசே வாங்கிக் குடுத்திருப்பேனே!"

அக்கா அந்த முகத்தில் எதையோ தேடினாள். வெட்கம் வேண்டாம், பயமாவது? நன்றாகத் தேய்த்துக் கழுவிவைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது முகம். எதுவும் ஒட்டவில்லை.

"ஆட்சேபம் உண்டா, இல்லையா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க."

உத்தரவு எழுதி, கையெழுத்தாகி, நீதிபதி எழுந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. கோர்ட் கலைந்தது. சோபாக்காரர் சிறையிலிருந்து விடுதலையானார். அபராத ரசீதோடு லைசென்ஸையும் குமாஸ்தா திருப்பிக் கொடுத்தார். சோபாக்காரர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "முதுகே போச்சு" என்று சொல்லியபடி நடந்தார்.

அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கார் ஒன்று பக்கத்தில் ஊர்ந்து வந்து, கண்ணாடி இறங்கியது. சோபாக்காரரே ஓட்டினார். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொன்றில் போன்.

"எந்தப் பக்கம் சிஸ்டர்? வேணும்னா ஏறிக்குங்க, சைக்கிளை மேல கட்டிடலாம்."

அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாய் வறண்டு கிடந்தது.

"முதுகு வலிச்சா ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான்தான் கட்டுப் போடுவேன்."

அவர் அதையும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு போனில், "இதோ கிளம்பிட்டேன்" என்றார்; ஹாரனைத் தொட்டார். வழி விட வேண்டுமாம்.

கோர்ட் வாசல் குறுகலானது. ஒரு கார் போனால் ஆள் ஒதுங்க வேண்டும். அக்கா பழக்கதோஷத்தில் ஓரமாக நகரப் போனாள். சைக்கிள் நகரவில்லை. அந்தப் பக்கம் தம்பி நின்றுவிட்டிருந்தான். காலையிலிருந்து போலாம் போலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

"அக்கா, கை வலிக்குது. கீழ வை."

"இங்கயா?"

"இங்கதான்."

வாசலுக்கு நட்டநடுவில் சைக்கிளைக் கிடத்தினார்கள். தம்பி ரொட்டிப் பெட்டியின் மிச்சத்தில் மெதுவாக உட்கார்ந்து, மடங்காத காலைக் காருக்கு நேராக நீட்டினான். மதியம் மடித்து வைத்த பன்னை எடுத்து, பாதியைப் பிய்த்து அக்காவிடம் கொடுத்தான்.

ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"கட்டுப் போட்டா மாவு காயற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சொல்லுவியே. எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டான் தம்பி.

"ஆகும்டா. ரொம்ப நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, அக்கா பன்னைக் கடித்தாள்.