பிறைமேல் படகு

மூன்று வருடங்களுக்கு முன் ஒன்பது பேரோடு காணாமல்போன மீன்பிடிப் படகு, ரமலான் இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் பிறையின் மேல் உட்கார்ந்திருந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில், மலைமேல் கடலைப் பார்த்து நிற்கும் சிறிய பல்கலைக்கழக வானாய்வகத்திலிருந்து அதை முதலில் பார்த்தவள் யுஸ்னிதார். ஆய்வகத்துக்கு அவள்தான் பொறுப்பு. படகில் முதுகு காட்டி வலை பின்னிக்கொண்டிருந்தவன் அவள் கணவன் ஜுல்பாஹ்ரி. அவள் வாயிலிருந்து வார்த்தை வந்தால்தான் ஊருக்குப் பெருநாள் என்பதால் ஷரீஅத் நீதிபதி ஷம்சுயிர் பக்கத்திலேயே நின்றார்.

"என்னம்மா, பிறை தெரியுதா இல்லையா? ஊரே பெருநாளைக்கு ரெண்டாங் கறிய அடுப்புல ஏத்திட்டு உக்காந்திருக்கு."

"தெரியுது ஐயா. அதுமேல நம்ம படகும் தெரியுது."

நீதிபதி தொலைநோக்கியில் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆனது. "சாட்சிக்குப் பிறை போதும்மா. மத்தது கோர்ட்டு விஷயமில்ல" என்றார். பள்ளிவாசலில் முரசு கொட்டினார்கள்.

அதற்குப்பின் மாதாமாதம் பிறையன்று மற்ற எட்டு வீட்டுப் பெண்களும் மலையேறி வந்தார்கள். பல்கலைக்கழகம் அவர்களுக்கு பெஞ்சு போட்டுக் கொடுத்தது. அவர்களில் மறுமணம் நிச்சயமாகியிருந்த எர்னிதா ஒரே ஒரு முறை தன் பழைய கணவனை எட்டிப் பார்த்து, "நல்லா கொழுத்துத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கல்யாணத் தேதி மாறவில்லை.

உடல் கிடைக்காமல் இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை கூடாது என்று யுஸ்னிதார் பிடிவாதமாக நின்றதால்தான் ஒன்பது வீட்டிலும் அது தள்ளிப்போயிருந்தது. இப்போது அவள் பிறை கடலில் இறங்கும்வரை கண்ணை எடுக்காமல் தன் கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. வருடம் முடியும் சமயம் எர்னிதா நிறைமாத வயிற்றோடு மூச்சுவாங்க ஏறி வந்தாள்.

"அக்கா, அவங்க நம்மளத் தேடல. அவங்களுக்கு அங்க வேலை கெடக்கு. நாமதான் போக விடாம புடிச்சு வச்சிருக்கோம்."

"உனக்கென்னடி, சொல்லுவ" என்றாள் யுஸ்னிதார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவளே போய் இமாமிடம் கேட்டாள். ஒன்பது பேருக்கும் தொழுகை நடந்தது. அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதது தெருமுனைவரை கேட்டது.

தொழுகை முடிந்துவிட்டதால் படகு போய்விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. அடுத்த பிறையிலும் இருந்தது. அவன் முதுகும் அப்படியே இருந்தது. நீதிபதிக்கு இப்போது முழங்கால் வலி, மலையேறுவதில்லை, பெருநாள் பிறையையும் போனிலேயே கேட்கிறார்.

"பிறை?"

"தெரியுது ஐயா."

"அவங்க?"

"இருக்காங்க."

முரசு கொட்டுகிறார்கள்.