இரண்டாவது தொலைபேசி எண்

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவ நிலையத்தின் பழைய கம்பியூட்டருக்குப் பதினெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஓய்வு கொடுத்து, ஒன்பதாயிரம் நோயாளர்களின் விவரங்களைப் புதியதற்கு மாற்றி முடித்தபோது, நிலையத்தின் கம்பியூட்டர் பொறுப்பாளர் ஸும்றாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ‘முந்நூற்றுப் பதினொரு பிழையான தொலைபேசி எண்கள் நீக்கப்பட்டன’ என்று திரை சொன்னது. குப்பை ஒழிந்தது என்று வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். அவற்றில் ஒன்றையாவது திறந்து பார்ப்போம் என்று அந்தப் படித்த மூளைக்குத் தோன்றவில்லை.

திங்கள் காலை, டொக்டர் நபீஸுக்குப் புதிய திரையைப் பழக்க அவர் அறையில் நின்றாள். முதல் ஆளாக முகத்துவாரத்து ராமையா வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். காலில் புண் சீழ் பிடித்திருந்தது.

“ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருக்கா?” என்று டொக்டர் கேட்டார்.

“அதெல்லாம் ஒங்க கம்பியூட்டர்ல இருக்குங்க சேர்.”

திரையில், ஒவ்வாமை: இல்லை. தாதி பெனிசிலின் ஊசியை நிரப்பினாள்.

அப்போதுதான் வரவேற்பு மேசை மாக்ரெட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆட்கள் காத்திருக்கும்போது அவள் கதிரையை விட்டு எழும்பியதை இருபது வருடத்தில் எவரும் கண்டதில்லை.

“டொக்டர், ராமையாவுக்கு பெனிசிலின் ஆகாது. என்ர திரையில பெயருக்குப் பக்கத்தில அது இல்ல. அதுதான் வந்தனான்.”

தாதி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். ஸும்றா மாக்ரெட்டை வெளியே அழைத்துப்போனாள்.

“அது எங்க இருந்திச்சு அக்கா?”

“ரெண்டாவது தொலைபேசி நம்பர்ல. பழசுல ஒவ்வாமைக்குப் பெட்டி இல்லையே மகள். டொக்டரின்ர திரையில பெயரும் ரெண்டு நம்பரும் மட்டும்தான் தெரியும். அதுல எழுதினா கட்டாயம் கண்ணில படும்.”

“ட்ரெயினிங்ல சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கதைச்சீங்க, நான் கேட்டுக்கொண்டிருந்தன். என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல.”

“எல்லாரையும் நினைவிருக்கா?”

“ஒரு நாப்பது பேரைச் சொல்லுவன்.”

மிச்சம் இருநூற்று எழுபத்தொரு பேர். அவர்களில் யார் எந்த ஊசிக்காக நாளை வருவாரோ. நோயாளர் விவரம் இரண்டு இடத்தில் கிடக்கக்கூடாது என்று, எடுத்து வைத்த பிரதியையும் ஸும்றா நேற்றே அழித்திருந்தாள். பழைய கம்பியூட்டரின் டிஸ்க்கை, நிலையத்தில் எடுபிடி வேலை பார்க்கும் ஹெக்டரிடம் கொடுத்து, ட்ரில்லால் நாலு ஓட்டை போடச் சொல்லியிருந்தாள். அவரும் ‘ஓம் மிஸ்’ என்று வாங்கிக்கொண்டார்.

பின்பக்கத்து ஸ்டோருக்கு ஓடினாள். வாசலில் ஹெக்டர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ட்ரில். பத்திரிகைத் தாள் விரித்து, அதன்மேல் டிஸ்க். ஒரு கீறல் இல்லை.

“இப்ப செய்யத்தான் போறன், மிஸ். நேத்து ஞாயிறு. பூசை நாளில நான் ட்ரில் பிடிக்கிறேல்ல. உங்களிட்ட சொன்னா ஏசுவீங்க எண்டு சொல்லேல்ல.”

ஸும்றா வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். சோம்பேறி என்று அவரைப் பற்றி மேலிடத்தில் இரண்டு தரம் முறையிட்டவளும் அவள்தான். ஹெக்டர் பயந்துபோய்த் தன் தேநீரை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

மத்தியானத்துக்குள் முந்நூற்றுப் பதினொன்றும் டிஸ்க்கிலிருந்து புதிய திரையின் சிவப்பு ஒவ்வாமைப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. ராமையா வேறு மருந்தோடு எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார். ஸும்றாவுக்குச் சிரிப்பும் பசியும் சேர்ந்து வந்தன. ஆனால் சாப்பிடப் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்து மாக்ரெட்டின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“வேற எந்தப் பெட்டியில என்ன வெச்சிருக்கிறீங்க அக்கா?”

மாக்ரெட் தயங்கினாள். “பேக்ஸ் நம்பர்ல கொஞ்சம் இருக்கு.”

“இங்க வாறவங்க ஒருத்தரிட்டயும் பேக்ஸ் இல்லையே.”

“அதுதான் மகள். தனிய இருக்கிற ஆக்களுக்கு ஏதும் நடந்தா ஆருக்குச் சொல்ல வேணும் எண்டு அதுல எழுதினனான்.”

பேக்ஸ் பெட்டியை ஸும்றா நேற்று எண்ணிக்கூடப் பார்க்காமல் முழுதாக நீக்கியிருந்தாள். மடியில் கிடந்த டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“முதல்ல இருந்து சொல்லுங்க அக்கா,” என்றாள். “நான் கேக்கிறன்.”