ஏழு மோட்டார், ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர்

கரண்ட் வந்தால் சந்தோஷப்பட வேண்டும். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே எங்கள் தோட்டங்காட்டில் அது வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் ஏழு பேருடைய போர்வெல் மோட்டார்கள். ஏழிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர். மோட்டார் ஓடும்போதைவிடக் கிளம்பும்போதுதான் கரண்டை அதிகம் இழுக்கும். கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், வோல்டேஜ் விழும், எல்லாம் ஒன்றாக நிற்கும். மறுபடி ஒன்றாகக் கிளம்பும். கத்திரி வெயிலில் என் பண்ணைக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. தொட்டித் தண்ணீர் இரண்டு நாள் வந்தால் அதிகம்.

ஸ்டார்ட்டரில் ஒரு டைமர் உண்டு. கரண்ட் வந்து எவ்வளவு நேரம் கழித்து மோட்டார் கிளம்ப வேண்டும் என்று திருகி வைக்கலாம். யாருக்கும் தெரியாமல் அதைப் பூஜ்யத்துக்குத் திருகினேன். விசாரித்தால், எல்லோரும் அதே திருட்டுத்தனத்தைத்தான் செய்திருந்தார்கள்.

சாயங்காலம் ட்ரான்ஸ்ஃபார்மர் அடியில் கூடினோம். பக்கத்துக் காட்டு மயில்சாமி என்னைக் காட்டி, "சாரதாக்கா கோழி பாவமுங்க. நான் கடைசியாத் தண்ணி எடுத்துக்கறனுங்க" என்றார். உடனே எல்லோருக்கும் பெருந்தன்மை வந்துவிட்டது. எனக்கே வெட்கமாகி, நானும் டைமரைக் கடைசிவரை திருகினேன்.

மறுநாள் கரண்ட் வந்தது. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஏழும் ஒன்றாக உறுமி, ஒன்றாக அடங்கின.

சிரிப்பு வந்தது, அப்புறம் யோசனை. பேராசைக்கும் நிற்கிறது, தயவுக்கும் நிற்கிறது. எங்கள் மனசைப் பற்றி மோட்டாருக்கு என்ன கவலை? எல்லோரும் ஒரே மாதிரி செய்வதுதான் வினை. முறை போட்டால் யார் முதல் என்று விடிய விடியப் பேசுவோம். ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன்.

"கண்ண மூடிக்கிட்டுத் திருகுங்க. எங்க நிக்குதோ அங்கயே உட்டுருங்க. எங்கிட்டச் சொல்லக்கூட வேண்டாம்."

அடுத்த நாள் மத்தியானம் மயில்சாமியின் மோட்டார் முதலில் ஓடியது, நிற்கவில்லை. அப்புறம் ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. என்னுடையது மட்டும் வாயே திறக்கவில்லை. கொட்டகையில் ஒரு கோழி சாய்ந்தது. கை தானாக டைமருக்குப் போனது.

போன் அடித்தது. மயில்சாமிதான்.

"அக்கா, உங்குளுது ஓடலீங்களே. எம்பட மோட்டார நிறுத்திட்டு அப்பறமாப் போட்டுக்கட்டுங்களா?"

சரி என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மறுபடி போடும் நேரத்தில் என் மோட்டாரும் கிளம்பினால் ஏழும் படுத்துவிடும்.

"வேண்டாஞ் சாமி. புண்ணியமாப் போவுது, ஒன்னும் பண்ணாதீங்க" என்றேன்.

நானும் ஒன்றும் பண்ணவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் என் மோட்டார் உறுமியது. மற்ற ஆறும் நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மயில்சாமி இன்னும் லைனில் இருந்தார். "அக்கா, ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க" என்றேன். "எல்லாருதும் ஓடுது."