ஒரு விரல் துணி

என் பொண்டாட்டி பஸ் ஓட்டுறவ. நான் டெய்லர், வீட்டு முன்னறையிலதான் கடை. எனக்கு வாய் நீளம், அவளுக்கு மூக்கு மேல கோபம். குடும்பம் எப்படியோ ஓடுது.

போன வருஷம் பிரேக் பிடிக்காத லாரி ஒண்ணு அவ பஸ்ல வந்து மோதுச்சு. காயம் ஆறிடுச்சு, தூக்கம்தான் போச்சு. கண்ணை மூடினா லாரி வரும், அலறிக்கிட்டு எழுந்திருப்பா. பகல்ல நான் தையல் மெஷினை மிதிச்சா அந்தத் தடதடப்புக்கே அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். அதனால அவ வீட்ல இருக்கற நேரமெல்லாம் நான் கையாலயே தைச்சேன்.

டாக்டர் முதல்ல கொடுத்த மாத்திரையில பாதிதான் குணம் தெரிஞ்சுது. அதோட இன்னொண்ணு சேர்த்தார், படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பெட்டிக்குள்ள இருந்த தாளைப் படிச்சிட்டு என் மச்சான், அவ தம்பி, "அக்கா, இது பைத்தியத்துக்குக் குடுக்கறதாச்சே"ன்னான். அவ்வளவுதான். மாத்திரை குப்பைக்குப் போச்சு, கனவுல லாரி திரும்பி வந்துச்சு.

டாக்டர்தான் பொறுமையா எடுத்துச் சொன்னார். "மனநோய்க்கும் இதைத் தர்றோம், வாஸ்தவம்தான். உங்களுக்குக் கெட்ட கனவும் திடுக்கிடலும் அடங்கத் தர்றேன். அளவும் குறைச்சல். இனிமே நீங்களா நிறுத்தாதீங்க."

அப்புறம் தூங்கினா பாருங்க, அப்படி ஒரு தூக்கம். குறட்டையில ஜன்னல் அதிரும். எனக்கு அது தாலாட்டு மாதிரி இருந்துச்சு.

கூடவே பசியும் வந்துச்சு. ஃபிரிட்ஜ் கதவுக்கு ஓய்வே இல்லை. இதுல ஒரு வம்பு. "வேலைக்குச் சேர்ந்தப்போ இருந்த இடுப்பு இன்னிக்கும் அப்படியே"ன்னு டெப்போ முழுக்கப் பெருமையடிக்கிறவ அவ. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டியரிங் கிடையாதுன்னு டிக்கெட் கவுன்ட்டர்ல உட்கார வச்சிருந்தாங்க, அங்கேயும் அதே பேச்சு. பேன்ட் இறுக்குதுன்னு தெரிஞ்சா மாத்திரையைத் தூக்கி எறிஞ்சிடுவா. அதனால துவைச்சுக் காய்ஞ்ச பேன்ட்டையெல்லாம் ராத்திரி அவ தூங்கினப்புறம் தெரியாம எடுத்து, பின்பக்க இடுப்புத் தையலைப் பிரிச்சு, உள்ளே மடிச்சு விட்டிருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுத் தைச்சேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்போ நர்ஸ் எடை பார்த்தாங்க. எட்டு கிலோ கூடியிருந்துச்சு.

"உங்க மெஷின் சரியில்ல"ன்னா இவ.

"இப்பதாம்மா சரி பார்த்தோம்."

"அப்ப இது எப்படி?" இடுப்புப்பட்டியை இழுத்துக் காட்டினா. தாராளமா ரெண்டு விரல் போச்சு. "அதே பழைய பேன்ட். மெஷின் சொல்றதை நம்பறதா, என் இடுப்பை நம்பறதா?"

டாக்டரே வந்து மெஷின்ல ஏறி நின்னார். அவர் எடை சரியா காட்டுச்சு. பேன்ட்டைப் பார்த்தார், அப்புறம் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "சார் என்ன வேலை பார்க்கறீங்க?"

"டெய்லர்."

அவளுக்கு அப்பதான் புரிஞ்சுது. டாக்டர் என்னைத்தான் பிடிச்சார். "எடை ஏறினா சர்க்கரையும் ஏறலாம். அது தெரிஞ்சாதானே நான் அளவை மாத்தவோ வேற மாத்திரை பார்க்கவோ முடியும்? நல்லது பண்றேன்னு என் கண்ணைக் கட்டிட்டீங்களே." ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், தினமும் நடக்கச் சொன்னார், அளவைக் கொஞ்சம் குறைச்சார்.

வீட்டுக்கு வந்ததும் அவ உடை மாத்திட்டு வந்து பேன்ட்டை உள்பக்கமாத் திருப்பி என் மடியில போட்டா. "பின்பக்கம் முழுக்கக் கைத்தையல். என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்திடுவியோன்னு பயந்தேன். நீ அலறினா என்னால தாங்க முடியல."

குனிஞ்சு அந்தத் தையலை விரலால தடவிப் பார்த்தா. "உள்ளே இன்னும் எவ்வளவு துணி இருக்கு?"

"ஒரு விரல்."

"அதையும் பிரிச்சு விடு, எடை இன்னும் ஏறினாலும் ஏறும். இந்தத் தடவை நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்." எதிர்ல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தா.

நான் பழக்கத்துல ஊசியை எடுத்தேன்.

"அது எதுக்கு? மெஷின்லயே தை."

மெஷினை மிதிச்சேன். தடதடன்னு ஓடுச்சு. பாதித் தையல்ல நிமிர்ந்து பார்த்தா, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறா. சட்டுனு காலை எடுத்தேன்.

"ஏன்யா நிறுத்திட்ட?" கண்ணைத் திறக்காமலே கேட்டா. "தை."